சிவப்பு ஸ்பிரிங்

டீச்சர் கார் சாமான் கடைக்குள் நுழைந்ததும் கவுண்டரில் இருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்து, "சைக்கிள் சாமான் பக்கத்துக் கடைம்மா," என்றான்.

அவள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். அவன் பிரித்துப் படித்தான். முதல் வரியிலேயே உதட்டோரச் சிரிப்பு போய்விட்டது. மூன்றாவது வரிக்கு வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். எழுந்து நின்றால் மின்விசிறி தலையைச் சீவிவிடுமோ என்று பார்ப்பவர்கள் பயப்படும் உயரம். அந்த ஆளைத்தான் தெருவே குட்டி என்று கூப்பிட்டது.

"இது யாரு எழுதினது மேடம்?"

"என் வீட்டுக்காரர்."

"விஷயம் தெரிஞ்ச மனுஷன். வண்டியைத் தரையிலருந்து எத்தனை இன்ச் தூக்கியிருக்கு, குலுக்கலை அடக்குற ஷாக்கு எவ்வளவு நீளம் வேணும், மேல் ஆர்ம் எந்தக் கோணத்துல நிக்கணும், ஒண்ணு விடல. அவரு வரலியா?"

"படுக்கையில இருக்கார்."

குட்டி நாக்கால் உச்சுக்கொட்டிவிட்டு வண்டியைப் பார்க்க வெளியே வந்தான். கறுப்பு எஸ்.யு.வி. அது நின்ற இடத்தில் அக்கம்பக்கத்துக் கார்களெல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தன. குட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்சக்கரத்தின் தலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். உள்ளே எங்கேயோ 'டக்' என்றது.

"கேட்டீங்களா? சக்கரத்தை மேல பிடிச்சுக்கிட்டு நிக்கிற கைதான் ஆர்ம். அந்தக் கைக்கு மணிக்கட்டு மாதிரி ஒரு பால் ஜாயின்ட் இருக்கு. வண்டியைத் தூக்கினப்பவே ஆர்மையும் மாத்தியிருக்கணும். மாத்தாம விட்டதால மணிக்கட்டு கோணிக்கிட்டே இத்தனை நாள் வேலை பார்த்திருக்கு. இப்ப தேஞ்சு போச்சு."

"கழண்டா என்ன ஆகும்?"

"சக்கரம் ஒரு பக்கம் போகும். நீங்க ஒரு பக்கம் போவீங்க." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டான். "கவலைப்படாதீங்க. சார் எழுதினபடி போட்டுட்டா பத்து வருஷத்துக்கு அசையாது. ஆர்ம் ரெண்டு, ஷாக்கு ரெண்டு, ஸ்பிரிங் ரெண்டு. ஏறி இறங்க சைடு ஸ்டெப் ரெண்டு பக்கமும். ஸ்பிரிங் மட்டும் பச்சைக் கோடு போட்டதுதான் வேணும்னு எழுதி, 'கம்ஃபர்ட் முக்கியம்'னு அடிக்கோடு போட்டிருக்காரு. ஒண்ணு இல்ல, ரெண்டு கோடு."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள். அதுவரை அவள் அதைப் படித்திருக்கவில்லை. அவர் படுத்தபடியே அட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதியது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்த இரண்டு கோடுகள் மட்டும் நேராக, தாள் கிழியும் அளவு அழுத்தமாக இருந்தன.

*

நான்கு வருடங்களுக்கு முன்னால், இதே வண்டியைத் தூக்குவதற்கு முன்னால், அவளும் ஒரு வார்த்தை கேட்டிருந்தாள். அவளுக்கு அப்போதே இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் நழுவியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடவேளை நின்று கணக்கு நடத்தினால் இடது கால் மரத்துப்போகும். குலுங்குகிற பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் மெத்துனு இருக்கிற ஸ்பிரிங்காப் போடுங்களேன். இருக்கும்ல அப்படி?" என்று கேட்டாள்.

அவர் அப்போது நண்பர்களோடு வாசலில் நின்றிருந்தார். டைல்ஸ் கடை நடத்துபவர். கடையில் எட்டுப் பேரை அதட்டி அதட்டி, யாரிடம் பேசினாலும் எட்டுப் பேருக்குக் கேட்கிற குரல் வந்துவிட்டது.

"கம்ஃபர்ட் வேணும்னா நம்ம வீட்டு சோபாவைத் தூக்கி முன்சீட்டுல போட்டுத் தரேன், உக்காந்துக்கறியா? டேய், கேட்டீங்களாடா? மெத்துனு வேணுமாம்!"

நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களில் வக்கீல் என்று அழைக்கப்பட்டவர்தான் எப்போதும் முதலில் சிரிப்பார், கடைசியில் நிறுத்துவார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. சிவப்புக் கோடு போட்ட ஸ்பிரிங். இருப்பதிலேயே கெட்டியானது. முன்னால் இரும்பு பம்பரும், சேற்றில் சிக்கினால் வண்டியை இழுக்கும் வின்ச்சும் மாட்டுகிறவர்கள் போடுவது. அந்தப் பளுவைத் தாங்கத்தான் அவ்வளவு கெட்டி. பம்பரும் வின்ச்சும் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான்கு வருடமாக வாங்கவில்லை. பளுவில்லாத ஸ்பிரிங் அமுங்க மறுத்து, சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் அப்படியே சீட்டுக்கு அனுப்பியது. ஆர்மை மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம், "கம்பெனி கொடுத்த ஆர்ம் போதும், உன் வியாபாரத்தை வேற எங்கயாவது காட்டு," என்று சொல்லிவிட்டார். ஏறுவதற்குப் படி வைக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, படி வைத்தால் வண்டிக்கு அழகு கெட்டுவிடும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வண்டிகள் சேர்ந்து காடுமேடாகத் திரிவார்கள். மற்றவர்களின் மனைவிமார் ஒன்றிரண்டு தடவை வந்துவிட்டு நின்றுகொண்டார்கள். இவளால் நிற்க முடியவில்லை. "வலி பாதி மனசுலதான்டி இருக்கு. வீட்டுல படுத்துக்கிட்டு அதையே நினைச்சுக்கிட்டிருப்ப," என்பார். சாப்பாடு கட்டிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்.

ஒரு ஞாயிறு, கைவிட்ட கல்குவாரி ஒன்றில் இறங்கினார்கள். பாறை விளிம்பிலிருந்து முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது. அவளுக்கு இடுப்பிலிருந்து குதிகால்வரை யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியதுபோல் இருந்தது. ஒரு கணம் கண் இருட்டியது. வெளிச்சம் திரும்பியபோது தன் உடம்பு தன்னை மீறி என்ன செய்துவிட்டது என்பது தெரிந்தது. புடவையும் சீட்டும் நனைந்திருந்தன.

மெல்ல அவரைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள். அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, சுற்றிவந்து, கதவைத் திறந்து பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார்.

"போன வாரம்தானடி கவர் மாத்தினேன்."

மத்தியானம் மரத்தடியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் இடுப்பைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பரிமாறினாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"முன்னாடி ஷாக்கு எங்க லீக் ஆகிருமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்டா. ஷாக்குக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்து சீட்டு லீக் ஆயிருச்சு!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் இடுப்பிலிருந்த துண்டைப் பார்த்ததும் புரிந்தது. வக்கீலுக்குப் புரையேறியது. வாயில் இருந்த சோறு தெறிக்கச் சிரித்தார். கரண்டியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த இலைக்குப் போவதா, வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வதா என்று தெரியவில்லை. பின்சீட்டு முழுக்கச் சாமான்; அந்த நனைந்த சீட்டைத் தவிர உட்கார வேறு இடமும் இல்லை. அடுத்த இலைக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் பெயர் லீக்கேஜ். வீட்டுக்கு போன் செய்தால், "லீக்கேஜ் அண்ணி, அண்ணன் இருக்காரா?" என்று கேட்பார்கள். அவர் அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார். கடை வேலையாட்களில் ஒருவன்கூட ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

*

அவர் விழுந்தது கடைக் குடோனில். டைல்ஸ் பெட்டிகளைச் சரியாக அடுக்கத் தெரியவில்லை என்று ஆட்களைத் திட்டிக்கொண்டே தானே மேலே ஏறினார். ஏறிய வேகத்தில் பெட்டிகளும் அவரும் சேர்ந்து வந்தார்கள். முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நொறுங்கிவிட்டன. கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடக்கலாம், நிமிர்ந்து அரைமணி நேரம் உட்காரலாம், வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி, ஆறு மாதம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் குறைவைக்கவில்லை. மலம், மூத்திரம் எடுத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தாள். ஊட்டிவிட்டாள். முகம் சுளிக்கவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்தார்கள். அவள் மனசில் அப்போது எந்தக் கறுவும் இல்லை என்பதுதான் உண்மை. நினைக்க நேரமே இல்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் அந்த வண்டியை அவள் முதன்முதலாக ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் சாவி அவள் கைக்கு வந்ததில்லை. ஓட்டும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டுவதை அவள்தான் சொன்னாள். அவர் படுக்கையில் இருந்தே சத்தத்தைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டு, வியாதியைக் கண்டுபிடித்து, இந்தத் தாளை எழுதிக் கொடுத்தார்.

இப்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கடை வாசலில் நின்றாள்.

கோபம் வந்ததா என்று பின்னாளில் அவளே பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். வரவில்லை. பரீட்சைத் தாளில் ஒருவனுக்குப் பதில் நன்றாகத் தெரியும், தெரிந்தே நான்கு வருடமாகத் தப்பாக எழுதிவந்திருக்கிறான் என்று கண்டுபிடித்ததுபோல் இருந்தது. மெத்தென்ற ஸ்பிரிங் உண்டு, அதற்குப் பச்சைக் கோடு, முதுகுவலிக்காரர்களுக்கு அதுதான் நல்லது. எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஸ்பிரிங் சிவப்புப் போடுங்க," என்றாள்.

குட்டி தப்பாகக் காதில் விழுந்ததோ என்று குனிந்தான். "பச்சை மேடம். சார் பச்சைன்னு எழுதியிருக்காரு."

"சிவப்பு."

"மேடம், சிவப்பு பம்பரும் வின்ச்சும் மாட்டினவங்களுக்கு. நூறு கிலோ முன்னாடி கூடுதலா உக்காந்தாத்தான் அது அமுங்கும். இந்த வண்டியில அது ரெண்டும் இல்ல. இப்ப கிடக்கிறதும் சிவப்புதான், ஆனா நாலு வருஷத்துல கொஞ்சம் தளர்ந்திருக்கு. புதுசு இதைவிட மோசமா அடிக்கும். ரோட்டுல தீக்குச்சி கிடந்தாலும் முதுகுல தெரியும். வண்டியில யாரு வரப்போறாங்க?"

"அவர்தான். வாரத்துல மூணு நாள்."

"அவருக்கு உடம்புக்கு என்ன?"

"முதுகுல ஆபரேஷன்."

குட்டி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை. கடைக்குள் யாரோ சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். 

"நீங்க கேட்டுத்தான் போட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருங்க," என்றான் குட்டி கடைசியில்.

அவள் போட்டாள். கரும்பலகையில் எழுதுவதுபோல் முத்து முத்தான கையெழுத்து.

"ஆர்ம் மட்டும் இருக்கிறதுலயே நல்லதாப் போடுங்க. ஷாக்கும் நல்லதாப் போடுங்க. சக்கரம் கழண்டுரக் கூடாது," என்றாள். அதில் அவள் தெளிவாக இருந்தாள். ஒரே நாளில் முடிந்துபோகிற காரியமாக அது இருக்கக் கூடாது.

*

முதல் நாள் பிசியோதெரபிக்குக் கொழுந்தன் வந்து கைகொடுத்தான். படி வைத்திருந்ததால் அவரை ஏற்றுவது சுலபமாக இருந்தது. முன்சீட்டைச் சாய்த்து, இடுப்புக்குத் தலையணை வைத்து, பெல்ட்டை மாட்டி, "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க அண்ணி," என்று அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

தெரு முனையில் ஒரு வேகத்தடை. அவள் வழக்கம்போல் மெதுவாகத்தான் ஏறினாள். சக்கரம் அதன் முதுகில் ஏறி இறங்கியதும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அவரிடமிருந்து கேட்டறியாத, சின்ன சத்தம்.

"நிறுத்து."

"பின்னாடி பஸ் வருது."

"என்ன ஸ்பிரிங் போட்டான் அவன்?"

அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். இரண்டாவது வேகத்தடை வந்தது. அவர் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். சக்கரம் ஏறி இறங்கியது.

"இது சிவப்பு," என்றார் மூச்சு வாங்க. "நாலு வருஷம் ஓட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்தத் தடியன் ஏமாத்திட்டான். திருப்புடி வண்டியை. போய் அவன் சட்டையைப் பிடி."

"அவர் ஏமாத்தல. நான்தான் சிவப்புக் கேட்டேன்."

"கடையில பச்சை இல்லியா?"

"இருந்துச்சு."

அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து அவளைப் பார்க்க முயன்றார். வெறும் காதும் கன்னமும்தான் தெரிந்திருக்கும். கொஞ்சதூரம் போனபின் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும், கெட்ட வார்த்தைகளில் திட்ட ஆரம்பித்தார். ரயில் யார்டுக்குப் பின்னால் போகும் குறுக்குவழியில் அவள் திரும்பினாள். அங்கே தார் பெயர்ந்து பல வருடம். திட்டு பாதி வார்த்தையில் நின்றது.

பிசியோதெரபி சென்டருக்கு நல்ல சாலையில் போனால் அரைமணி ஆகும். குறுக்குவழியில் பதினெட்டு நிமிடம். "உங்களால ரொம்ப நேரம் உக்கார முடியாதே," என்றாள். அதுவும் உண்மைதான். அவள் வேகமாகவும் ஓட்டவில்லை. எந்தப் பள்ளத்தையும் தேடிப்போகவில்லை, எதையும் விலக்கவும் இல்லை.

சாயங்காலம் அவர் தம்பியைக் கூப்பிட்டு முறையிட்டார். அவன் சாவியை வாங்கித் தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தான்.

"எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருக்குண்ணா. உன் வண்டி எப்ப மெத்துனு இருந்துச்சு? சாஃப்ட்டா வேணும்னா பொம்மை கார் வாங்கிக்கடான்னு நீதானே என்கிட்ட சொன்ன?"

"அவ வேணும்னே போட்டிருக்காடா."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் அவருக்கு ஊட்டுவதற்காகக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் வந்தது இரக்கம், அவள்மேல். "படுத்தே கிடந்தா இப்படித்தான் சந்தேகம் வரும் அண்ணி. நீங்க மனசுல வச்சுக்காதீங்க," என்று வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனான். தாழ்வான சின்ன காரில் குனிந்து ஏற அண்ணனால் ஆகாது என்பதால் தன் காரையும் தர வழியில்லை என்று வருத்தப்பட்டான்.

அதன்பிறகு அவர் திட்டுவதை விட்டுக் கெஞ்சிப் பார்த்தார். ஒருநாள் அவள் உடம்பு துடைத்துவிடும்போது மேல்கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தக் குவாரி விஷயமா?"

"எந்த விஷயம்?"

"அதான்... அன்னிக்கு. பசங்க சும்மா கிண்டல் பண்ணினானுங்க. நானும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதையெல்லாமா மனசுல வச்சுக்கிறது?"

"மனசுல வச்சுக்கல. வண்டியிலதான் வச்சிருக்கேன்," என்று சொல்லித் துணியைப் பிழிந்தாள்.

செவ்வாய், வியாழன், சனி. போகவர இரண்டு தடவை. அவளும் அதே வண்டியில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அவளுக்கு இடது கால் மரக்கட்டையாகிவிடும். சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி வைத்துக்கொள்வாள். பள்ளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி வாங்கினாள். வலியோடு ஒரு திருப்தியும் இருந்தது. இத்தனை வருடத்தில் இருவரும் ஒன்றாக உணர்ந்த ஒரே விஷயம் அந்தப் பதினெட்டு நிமிடம்தான்.

வக்கீலும் மற்றவர்களும் முதல் இரண்டு வாரம் வந்தார்கள். பிறகு போனில் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கெங்கே போனார்கள் என்ற படங்கள் மட்டும் வந்தன. அவர் அவற்றைப் பெரிதாக்கி, யார் வண்டியில் என்ன புதிதாக மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

*

ஒன்பதாவது வாரம் வலது பாதத்தில் உணர்ச்சி குறைந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பேனா முனையால் காட்டினார். உள்ளே வைத்த ஸ்க்ரூக்களில் ஒன்று தளர்ந்திருந்தது.

"கீழ விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"கனமா ஏதாவது தூக்கினீங்களா? குலுங்கல் அதிகமா இருக்கிற பயணம் ஏதாவது?"

 டீச்சர் பைலைப் பிடித்துக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றாள். அவர் சொல்லட்டும் என்றுதான் நினைத்தாள். சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடத் தயாராக இருந்தாள். கையெழுத்துப் போட்ட தாள்கூடக் குட்டியின் கடையில் இருக்கிறது.

அவர் கண் அவள் முகத்துக்கு வந்து ஒரு நொடி நின்று விலகியது.

"இல்ல டாக்டர். அப்படி எதுவும் இல்ல."

"சிகரெட்?"

"எப்பவாவது..."

டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒன்றுசேராது, ஆபரேஷனுக்கு முன்னாலேயே படித்துப் படித்துச் சொன்னேனே என்று பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுபடி திறந்து ஸ்க்ரூவை மாற்ற வேண்டும் என்றார். காரணம் புகையா, ஸ்பிரிங்கா என்பதை அந்த டாக்டராலும் சொல்லியிருக்க முடியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

வெளியே நடைபாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

 அவர் கை நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"சொன்னா நீ போயிடுவியே. நீ போயிட்டா என்னை யாரு புரட்டிப் போடுவா?" எட்டுப் பேருக்குக் கேட்கும் குரல் இல்லை அது. பக்கத்தில் போன நர்ஸுக்குக்கூடக் கேட்டிருக்காது. "உனக்கு என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ. போயிடாத."

பயம்தான். அவர் அவளைப் பார்த்துப் பயந்தார். அதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று அவள் கனவு கண்டதுண்டு. பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. அவரை வார்டில் விட்டுவிட்டுக் கேண்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் வண்டியைக் குட்டியிடம் கொண்டுபோய் விட்டாள். "பச்சை போட்டுருங்க."

குட்டியின் முகம் மலர்ந்தது. நான்கு நாள் வேலை என்றால் ஒரே நாளில் முடிப்பவன்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். "அன்னிக்கு மனசே சரியில்ல மேடம். வீட்டுல சொன்னேன், அவகூடத் திட்டினா. சார்கிட்ட சொல்லிட்டீங்களா? கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"சொல்லல."

"சொல்லிருங்க."

அவள் தலையை ஆட்டினாள். சிவப்பு ஸ்பிரிங்குகளை எடுத்துக் கடை ஓரத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். எடுத்துப்போகிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். இனி அது தேவைப்படாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன நாளில் கொழுந்தனும் ஒரு வார்டு ஆளுமாக அவரை ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு வேகத்தடை இருந்தது. அதைத் தூரத்தில் கண்டதுமே அவர் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.  பல்லைக் கடித்துக் கண்ணை இறுக மூடினார்.

வண்டி அதன்மேல் ஏறியது தெரியவில்லை, இறங்கியது தெரியவில்லை. பழைய மெத்தையில் கைவைத்து எடுத்ததுபோல் முன்பக்கம் அமுங்கி எழுந்தது. அவளுடைய இடுப்பில் ஒரு சின்ன வலிகூட இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் கேட்டது இதுதான். இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமையின் ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற வலிக்காக உடம்பை முறுக்கி வைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கைகள் தளர்ந்துவிடும்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அவள் கியரை மாற்றினாள்.

"இன்னும் ஆறு இருக்கு," என்றாள்.